கிரிப்டோ பிங்கோ: விளையாட்டு என்ற பெயரில் வீட்டுக்குள் வரும் சூது

"ஐந்து நிமிடம் பிங்கோ விளையாடுங்கள், டொலரில் உழையுங்கள்." பேஸ்புக்கிலும் டெலிகிராம் குழுக்களிலும் இவ்வாறான விளம்பரங்களை இன்று சாதாரணமாகக் காண முடிகிறது. வண்ண வண்ண உருண்டைகள், சிரிக்கும் முகங்கள், "முதல் வைப்புக்கு நூறு வீதம் போனஸ்" என்ற வாசகம். பணம் செலுத்த வங்கி அட்டை தேவையில்லை. கிரிப்டோ நாணயம் இருந்தால் போதும் என்கிறார்கள்.

சூதாட்டம் ஹராம் என்பது நம் சமூகத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். கசினோ வாசலை மிதிக்கக் கூசும் இளைஞர் ஒருவர், கையடக்கத் தொலைபேசியில் இதே காரியத்தைச் செய்யும்போது அதற்கு "கேம்" என்று பெயர் வைத்துக் கொள்கிறார். அவர் கொடுப்பதும் பணமாகத் தெரிவதில்லை; "கொயின்" ஆகிவிடுகிறது. பெயர் மாறினால் பொருள் மாறிவிடுமா என்பது ஒரு கேள்வி. அதைவிடக் கவலை தருவது, கிரிப்டோ சேரும்போது பழைய சூதாட்டத்தில் இருந்த தடுப்புகளும் இல்லாமல் போவதுதான். இவ்விரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிங்கோ எப்படி விளையாடப்படுகிறது?

டொம்போலா, ஹௌஸி என்ற பெயர்களிலும் அறியப்படும் விளையாட்டு இது. அமெரிக்க முறையில் ஓர் அட்டையில் ஐந்துக்கு ஐந்து என 25 கட்டங்கள் இருக்கும். நடுக்கட்டம் வெறுமையானது, மற்ற 24 கட்டங்களில் 1 முதல் 75 வரையான இலக்கங்களில் சில அச்சிடப்பட்டிருக்கும். பிரித்தானிய முறையில் 90 இலக்கங்கள்; ஓர் அட்டையில் 15 இலக்கங்கள். ஒருவர் குலுக்கி எடுக்கும் இலக்கங்களை மற்றவர்கள் தம் அட்டையில் அடையாளமிடுவார்கள். ஒரு வரிசையை அல்லது முழு அட்டையை முதலில் நிரப்பியவருக்குப் பரிசு.

இதில் திறமைக்கு இடமே இல்லை. சதுரங்கத்தில் யோசிக்க வேண்டும், கிரிக்கெட்டில் பயிற்சி வேண்டும். பிங்கோவில் எந்த இலக்கம் வரும் என்பது முழுக்க முழுக்கத் தற்செயல். ஒன்லைன் பிங்கோவில் அடையாளமிடும் வேலையைக்கூட கணினியே செய்துவிடும். விளையாடுபவர் செய்யும் ஒரே வேலை பணம் கொடுத்து அட்டை வாங்குவது மட்டும்தான்.

இது விளையாட்டா, சூதா?

ஒரு காரியம் சூதா இல்லையா என்பதை அறிய மூன்று கேள்விகள் போதும். பங்குபற்றுபவர் பெறுமதியுள்ள ஒன்றைப் பணயமாக வைக்கிறாரா? முடிவு தற்செயலில் தங்கியுள்ளதா? ஒருவர் பெறுவது மற்றவர்கள் இழந்ததிலிருந்தா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் அது மைஸிர் என்பதில் சந்தேகம் இல்லை. ஆசிரியர் ஒருவர் வகுப்பறையில் சொற்களைக் கற்பிக்க, எவரிடமும் பணம் வாங்காமல் பிங்கோ அட்டைகளைப் பயன்படுத்துவது வேறு விடயம். பணம் கொடுத்து அட்டை வாங்கி, பிறர் கொடுத்த பணத்தை வெல்ல முயல்வது வேறு விடயம்.

அல்குர்ஆனில் மாஇதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் மதுவையும் சூதையும் ஒன்றாகவே தடுக்கிறது. அடுத்த வசனம் காரணத்தையும் கூறுகிறது: பகைமையும் வெறுப்பும் உண்டாகின்றன, இறை நினைவும் தொழுகையும் தடைப்படுகின்றன. பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் இவற்றில் மனிதருக்குச் சில பயன்கள் இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் பாவம் பயனை விடப் பெரியது என்கிறது. "அவர் வென்றாரே, இவர் வென்றாரே" என்று உதாரணம் காட்டுபவர்களுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. யாரும் வெல்வதில்லை என்று மார்க்கம் சொல்லவில்லை. வெற்றிக்காகக் கொடுக்கும் விலை மிகப் பெரியது என்றே சொல்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எடுத்துக்காட்டாக, ஒரு சுற்றில் 100 பேர் தலா 500 ரூபாவுக்கு ஓர் அட்டை வாங்குகிறார்கள் என்று கொள்வோம். சேர்ந்த தொகை 50,000 ரூபா. தளத்தை நடத்துபவர் 10,000 ரூபாவை எடுத்துக்கொண்டு 40,000 ரூபாவைப் பரிசாகக் கொடுக்கிறார். ஒருவர் மகிழ்கிறார், 99 பேர் இழக்கிறார்கள். சராசரியாகப் பார்த்தால் ஒவ்வோர் அட்டையும் 100 ரூபா நட்டம். எந்தச் சுற்றிலும் நட்டமடையாதவர் நடத்துபவர் மட்டுமே.

மண்டபத்தில் ஆடும் பிங்கோ மெதுவானது. இலக்கத்தை வாசிக்க வேண்டும், தேட வேண்டும், அட்டையைச் சரிபார்க்க வேண்டும். தொலைபேசியில் ஒரு சுற்று இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். மணிக்கு 20 சுற்றுகள் என்றால் மேற்சொன்ன கணக்கில் 10,000 ரூபா பணயம், சராசரி நட்டம் 2,000 ரூபா. இரவு மூன்று மணிநேரம் விழித்திருந்தால் 6,000 ரூபா. கூலித் தொழிலாளி ஒருவரின் நாட்சம்பளத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு மயக்கமும் உண்டு. "ஓர் இலக்கம்தான் குறைந்தது, அடுத்த முறை நிச்சயம்" என்ற எண்ணம். முந்தைய சுற்றில் என்ன நடந்தது என்பது அடுத்த சுற்றை எவ்விதத்திலும் மாற்றாது. ஆனால் மயிரிழையில் தவறவிட்ட உணர்வுதான் மனிதரை மறுபடியும் அட்டை வாங்க வைக்கிறது.

கிரிப்டோ சேரும்போது என்ன மாறுகிறது?

முதலாவது, பணம் கையை விட்டுப் போகும் உணர்வு மங்குகிறது. ஐயாயிரம் ரூபா நோட்டை எடுத்துக் கொடுக்கும்போது நெஞ்சு பதறும். திரையில் 0.0002 பிட்கொயின் குறையும்போது பதறுவதில்லை. இழந்தது எவ்வளவு ரூபா என்று கணக்குப் பார்ப்பதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும்.

இரண்டாவது, இடையில் நிற்கும் வங்கி இல்லாமல் போகிறது. அட்டை மூலம் செய்த கொடுப்பனவில் மோசடி நடந்தால் வங்கியிடம் ஆட்சேபனை தெரிவிக்கலாம். 2009இல் தொடங்கிய பிட்கொயினும் அதன்பின் வந்த நாணயங்களும், இடையில் வங்கியொன்று இல்லாமல் இயங்குவதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. உறுதிப்படுத்தப்பட்ட பரிமாற்றத்தை எவராலும் திருப்பி எடுக்க முடியாது. தவறான முகவரிக்கு அனுப்பினாலும், தவறான வலையமைப்பில் அனுப்பினாலும் பணம் பெரும்பாலும் போனது போனதுதான். வொலட்டின் இரகசியச் சொற்கள் பிறர் கையில் சிக்கினாலும் அப்படியே.

மூன்றாவது, முறைப்பாடு செய்ய இடமில்லை. இத்தளங்களில் பலவற்றின் உரிமையாளர் யார், அலுவலகம் எங்கே என்பது தெரியாது. சில தளங்கள் கரீபியன் கடலிலுள்ள குராசோ போன்ற தீவுகளின் அனுமதிப்பத்திரத்தைக் காட்டும். காத்தான்குடியிலோ மாவனல்லையிலோ இருந்து ஏமாந்த ஒருவர் அங்கு போய் வழக்காட முடியுமா?

இவற்றுக்கு மேல் விலை ஏற்ற இறக்கமும் உண்டு. 2021 நவம்பரில் ஒரு பிட்கொயின் 68,000 டொலரைத் தாண்டியிருந்தது. 2022 நவம்பரில் 16,000 டொலருக்கும் கீழே இறங்கியது. ஒரு டொலருக்கு எப்போதும் சமமாக இருக்கும் என்று சொல்லப்பட்ட டெரா யூஎஸ்டி 2022 மே மாதத்தில் சில நாட்களிலேயே சரிந்தது. விளையாட்டில் வென்றவரும் நாணயத்தில் தோற்கலாம். ஒரு சூதுக்குள் இன்னொரு சூது.

"நேர்மையை நீங்களே சரிபார்க்கலாம்" என்ற வாதம்

கிரிப்டோ தளங்கள் பெருமையாகச் சொல்லும் ஒரு விடயம் இது. சுற்றுத் தொடங்கும் முன் ஒரு மறைகுறியீட்டை வெளியிடுவார்கள். முடிந்த பின் அதைத் திறந்து, இலக்கங்கள் இடையில் மாற்றப்படவில்லை என்பதை எவரும் சரிபார்க்கலாம். தொழில்நுட்ப ரீதியில் இது சாத்தியமே.

ஆனால் அது எதைக் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்களுடன் விளையாடும் 99 பேரும் உண்மையான மனிதர்களா, தளமே இயக்கும் போலிக் கணக்குகளா என்பதைக் காட்டாது. வென்ற பணத்தைத் தருவார்களா என்பதையும் காட்டாது. நடத்துபவர் எடுக்கும் பங்கையும் அது குறைக்காது. நேர்மையாக நடத்தப்பட்டாலும் சூது சூதுதான்.

வென்ற பணம் ஏன் கைக்கு வருவதில்லை?

போனஸ் நிபந்தனைகளை வாசிப்பவர்கள் குறைவு. எடுத்துக்காட்டாக, 10,000 ரூபா வைப்பிட்டால் இன்னொரு 10,000 போனஸ். ஆனால் போனஸ் தொகையைப் போல் 40 மடங்கு விளையாடிய பிறகே பணத்தை எடுக்கலாம் என்று எழுதியிருக்கும். அதாவது நான்கு இலட்சம் ரூபாவுக்கு அட்டை வாங்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு நடத்துபவருக்குப் போகும் கணக்கில் சராசரி நட்டம் 80,000 ரூபா. கணக்கில் இருப்பதோ 20,000. நிபந்தனை நிறைவேறும் முன்பே கணக்கு வெறுமையாகிவிடும்.

சேரும்போது பெயரைக்கூடக் கேட்காத தளம், பணத்தை எடுக்கும் நேரத்தில் அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் முகப்படமும் கேட்கும். கொடுத்தால் அந்த ஆவணங்கள் யார் கைக்குப் போகும் என்று தெரியாது. கொடுக்காவிட்டால் பணம் இல்லை. "முதலில் வரி கட்டுங்கள்" என்று மேலும் பணம் கேட்டால் அது அப்பட்டமான மோசடி.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

மெய்நிகர் நாணயங்களின் ஆபத்துகள் குறித்து இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆம் ஆண்டுகளில் பொதுமக்களை எச்சரித்தது. இவை ஒழுங்குபடுத்தப்படாத நிதிக் கருவிகள் என்றும், கிரிப்டோ திட்டங்களை நடத்த எந்த நிறுவனத்துக்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்றும் அது கூறியது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் விடுக்கப்பட்ட பணிப்புரையின்படி, கடன் அட்டை, பற்று அட்டைகளை மெய்நிகர் நாணயக் கொடுப்பனவுகளுக்குப் பயன்படுத்த அனுமதியில்லை.

அட்டை செல்லாததால் பலர் முகம் தெரியாத ஒருவரின் வங்கிக் கணக்குக்கு ரூபா அனுப்பி யூஎஸ்டிடி வாங்குகிறார்கள். விற்கும்போது முகம் தெரியாத ஒருவரிடமிருந்து ரூபா வருகிறது. அது இன்னொருவரிடம் மோசடி செய்த பணமாக இருந்தால், கணக்கு முடக்கப்படுவதும் விசாரணைக்கு அழைக்கப்படுவதும் உங்களுக்குத்தான். பிள்ளை தாயின் கணக்கைப் பயன்படுத்தியிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் தாய்.

சூதாட்டத்தைப் பொறுத்தவரை 1889ஆம் ஆண்டிலேயே இங்கு கட்டளைச் சட்டம் இருந்தது. 2025இல் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபை ஒன்றை அமைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. "இப்போது எல்லாம் சட்டபூர்வம்தானே" என்று இதைக் காட்டிச் சொல்பவர்கள் உண்டு. அதிகாரசபை அமைவதால் எங்கோ இயங்கும் ஒரு தளத்துக்கு இலங்கையில் அனுமதி கிடைத்துவிடாது. சட்டம் அனுமதித்தாலும் ஹராம் ஹலாலாகிவிடாது.

கருத்து வேறுபாட்டை மறைப்பாகக் கொள்ள வேண்டாம்

"கிரிப்டோ பற்றி உலமாக்களிடம் கருத்து வேறுபாடு உண்டு, எனவே இதிலும் இடமுண்டு" என்று வாதிடுபவர்களையும் காண்கிறோம். கருத்து வேறுபாடு இருப்பது உண்மை. 2018இல் எகிப்தின் பிரதான முப்தி ஷவ்கி அல்லாம் பிட்கொயின் வர்த்தகம் கூடாது என்றார். 2021இல் இந்தோனேசிய உலமா சபை கிரிப்டோவை நாணயமாகப் பயன்படுத்துவதைத் தடுத்தது. 2020இல் மலேசியப் பிணையங்கள் ஆணைக்குழுவின் ஷரீஆ ஆலோசனைச் சபையோ, நிபந்தனைகளுடன் டிஜிட்டல் சொத்து வர்த்தகத்தை அனுமதித்தது.

இந்த வேறுபாடு முழுவதும் நாணயத்தைப் பற்றியது. சூதாடுவதைப் பற்றி இவர்களில் எவரும் வேறுபடவில்லை. ரூபாவில் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை; அதற்காக ரூபாவில் சூதாடலாம் என்று எவரும் சொல்வதில்லையே.

சிக்கிக்கொண்டவர்கள் என்ன செய்யலாம்?

இழந்ததை மீட்டுவிட்டு நிறுத்துவோம் என்ற எண்ணமே பெரிய பொறி. இழந்த தொகையோடு நிறுத்துவதுதான் மிகக் குறைந்த நட்டம். செயலியை நீக்குங்கள், குழுக்களிலிருந்து வெளியேறுங்கள், வொலட்டில் மிச்சமிருப்பதை நம்பிக்கையான ஒருவரின் முன்னிலையில் கணக்குப் பாருங்கள். பட்ட கடன்களை எழுதி வையுங்கள். தவ்பா செய்தாலும் கடன் கொடுத்தவரின் உரிமை நீங்குவதில்லை. வென்ற பணம் கையில் இருந்தால் அதை என்ன செய்வது என்று ஊரிலுள்ள ஆலிம் ஒருவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

மோசடி நடந்திருந்தால் உரையாடல்கள், பரிமாற்ற இலக்கங்கள், வங்கிச் சீட்டுகளை அழிக்காமல் பொலிஸிலோ குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவிலோ முறையிடுங்கள். இணையப் பாதுகாப்பு ஆலோசனைக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கம் உண்டு. "இழந்த கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் செலுத்துங்கள்" என்று டெலிகிராமில் வருபவர்கள் இரண்டாவது தடவை ஏமாற்ற வருபவர்கள். மனம் உடைந்து தவறான எண்ணங்கள் எழுந்தால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழைப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இரவில் நீண்ட நேரம் விழித்திருப்பது, காரணம் சொல்லாமல் கடன் கேட்பது, உங்கள் வங்கிக் கணக்கைப் பயன்படுத்தக் கேட்பது, சுபஹ் தொடர்ந்து தவறுவது ஆகியவற்றைக் கண்டால் சத்தமிடுவதற்கு முன் உட்கார வைத்துப் பேசுங்கள். அடிக்குப் பயந்து மறைக்கும் பிள்ளை அந்தக் கடனை அடைக்க மறுபடியும் அதே தளத்துக்குத்தான் போகும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் குத்பாக்களில் சூது ஹராம் என்று பொதுவாகச் சொல்வதோடு நின்றுவிடாமல், இன்று அது எந்தெந்தப் பெயர்களில் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மத்திய கிழக்கின் வெயிலில் ஒரு தந்தை வருடக்கணக்கில் உழைத்து அனுப்பும் பணம், ஓர் இரவில் திரையில் உருளும் சில உருண்டைகளில் கரைந்துவிடலாம். அதைத் திருப்பிக் கேட்க ஒரு கதவுகூட இல்லை. ஆகவே நிறுத்த வேண்டிய இடம் முதல் அட்டை வாங்குவதற்கு முன்னரே.