காட்டேரியும் கொழுக்கிப்புழுவும்: கோப்பி அழிவுக்குப் பிந்திய மலையகம் பற்றிய ஒரு நோக்கு

இரத்தத்தைக் குடித்து வாழும் பேய் பற்றிய நம்பிக்கை பல சமூகங்களுக்குப் பொதுவானது. கிழக்கு ஐரோப்பிய நாட்டார் மரபிலே கல்லறையினின்று எழுந்து உயிருள்ளோரின் இரத்தத்தை உறிஞ்சும் 'வம்பயர்' பெறும் இடத்தைத் தமிழ்க் கிராம வழக்கிலே இரத்தக் காட்டேரி பெறுகின்றது. தென்னிந்தியாவிலிருந்து இலங்கையின் மத்திய மலைநாட்டுக்கு வந்த தொழிலாளர் முனியாண்டி, மாடசாமி முதலிய தெய்வங்களோடு காட்டேரியையும் உடன்கொண்டு வந்தனர். கருச்சிதைவு, உடல் வெளிறல், காரணந் தெரியாத மெலிவு ஆகியன காட்டேரியின் செயலாகக் கருதப்பட்டன. பூசாரியின் உடுக்கும் வேப்பிலையுமே அதற்கு மருந்தாயின.

இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின், நம்பிக்கை பிழையாயினும் அது சுட்டிய நோய்க்குறிகள் பொய்யல்ல. மலையகத் தொழிலாளரின் இரத்தம் உண்மையாகவே குறைந்துகொண்டிருந்தது. அது எவ்வாறு குறைந்தது, தடுக்க வல்லோர் ஏன் தடுக்கவில்லை என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாறு ஓர் அழிவுடன் தொடங்குகின்றது. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருப்பது அவதானிக்கப்பட்டது. 'ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ்' எனப் பெயரிடப்பட்ட பூஞ்சணமே அதற்குக் காரணமாயிருந்தது. 1870களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 2 இலட்சத்து 75 ஆயிரம் ஏக்கரிற் பரந்திருந்த கோப்பி, அடுத்த இருபது ஆண்டுகளுள் ஏறக்குறைய மறைந்தொழிந்தது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் வழங்கிவந்த ஒறியன்ரல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் கைவிடப்பட்டன, துரைமார் பலர் நாட்டை விட்டகன்றனர், கூலி நிலுவையுடன் தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். தோட்டத்துரைமாரின் வரலாற்றிலே இஃது ஓர் ஊழிக்காலம்.

ஊழிக்குப் பின்னரும் பெருந்தோட்ட அமைப்பு மடியவில்லை. தன் பயிரை மட்டும் மாற்றிக்கொண்டது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, நூற்றாண்டின் இறுதியில் 3½ இலட்சம் ஏக்கருக்கு மேற் பரவிற்று. புகையிரதப் பாதை 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. டிக்கோயா, டிம்புளைப் பகுதிகள் தேயிலை நாடாயின.

இப்பயிர் மாற்றம் தொழிலாளரின் வாழ்வை அடியோடு மாற்றியது. கோப்பி பருவப் பயிர். அறுவடை முடிந்ததும் தொழிலாளர் பெருந்தொகையினர் ஊருக்குத் திரும்பினர். தேயிலையிலோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். எனவே ஆண், பெண், பிள்ளை என்ற பேதமின்றிக் குடும்பம் முழுவதும் லயங்களிலே நிலைநிறுத்தப்பட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் வரிசையாகக் கட்டப்பட்டன. மலசலகூடங்கள் கட்டப்படவில்லை. லயத்தைச் சூழ்ந்த ஈரமும் நிழலும் மிகுந்த மண்ணே அதற்குரிய இடமாயிற்று. அதே மண்ணின்மீது வெறுங்காலுடன் நடந்தே அனைவரும் காலைப் பிரட்டுக்குச் சென்றனர்.

தேயிலைச் சரிவிலே காலைப் பற்றும் அட்டையைத் தொழிலாளி கண்ணாற் காண்கின்றாள். உப்போ சுண்ணாம்போ இட்டு அகற்றுகின்றாள். கொழுக்கிப்புழு கண்ணுக்குத் தெரிவதில்லை. மலத்துடன் வெளியேறும் முட்டை ஈரமண்ணிலே குடம்பியாகி, பாதத்தின் தோலைத் துளைத்து உட்புகுகின்றது. இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, தொண்டை வழியாக விழுங்கப்பட்டு, சிறுகுடற் சுவரைக் கவ்விக்கொள்கின்றது. ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சுவது ஒரு மில்லிலீற்றரின் சிறு பகுதியே. ஆயினும் புழுக்கள் நூற்றுக்கணக்கிற் பெருகுமிடத்து, போதிய உணவற்ற உடல் அவ்விழப்பை ஈடுசெய்ய இயலாது வெளிறுகின்றது, மூச்சு வாங்குகின்றது, கருவுற்ற பெண்ணுக்கு உயிராபத்தாகின்றது. காட்டேரிக்குக் கூறப்பட்ட குறிகளும் இவையே என்பது மனங்கொள்ளத்தக்கது. நுவரெலியாவின் குளிர் மிகுந்த உச்சிகளைவிட, வெப்பமும் ஈரமும் கூடிய தாழ்ந்த சரிவுகளே இப்புழுவுக்கு மிகவும் உகந்தனவாயிருந்தன.

இரத்தச்சோகையுற்றவன் விரைந்து வேலை செய்ய இயலாதவனாகின்றான். அமெரிக்கத் தென்மாநிலங்களில் இந்நோய் பரவியிருப்பதை 1902இல் சாள்ஸ் ஸ்ரைல்ஸ் எடுத்துக்காட்டியபோது, பத்திரிகைகள் அப்புழுவைச் சோம்பலின் கிருமி என்றழைத்தன. மலையகத்திலும் நோயாளி சோம்பேறியாகவே கணிக்கப்பட்டான். குறித்த அளவு கொழுந்தைக் கொணராதவருக்கு அரைப்பேரே பதியப்பட்டது. அரைப்பேர் அரைக்கூலியைத் தந்தது. அரைக்கூலி அரைவயிற்றுணவைத் தந்தது. அவ்வுணவு புழு உறிஞ்சிய இரத்தத்தை ஈடுசெய்யப் போதவில்லை. இதற்குமேல், வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு எனக் கங்காணி தலைக்காசு பெற்றமையால், நோயாளியை லயத்திலே படுக்கவிடாமை அவனுக்கு ஆதாயமாயிற்று. கடன் தீராமல் தோட்டம் மாறவும் இயலவில்லை. தொழிலாளியின் கடனைக் குறித்த துண்டுச் சீட்டு 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ரெயிலர் தேயிலை நட்ட அதே 1867இல் வெளிவந்த 'மூலதனம்' நூலின் முதற்பாகத்திலே கார்ல் மார்க்ஸ் மூலதனத்தை வம்பயருக்கு ஒப்பிட்டார். அவருக்கு அஃது ஓர் உவமை. இலங்கைத் தோட்டத்திலே அவ்வுவமை உடலியல் உண்மையாகவும் இருந்தது.

இங்கு ஓர் ஒப்பீடு அவசியமாகின்றது. கோப்பி இலையின் நோயை ஆராய்வதற்காக 1880இல் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அதே ஆண்டிலேயே, சுவிற்சர்லாந்தின் சென்ற் கொத்தாட் சுரங்கத் தொழிலாளரை வாட்டிய இரத்தச்சோகைக்குக் கொழுக்கிப்புழுவே காரணம் என்பது ஐரோப்பாவிற் புலனாயிற்று. இலங்கையில் 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டமும் நடைமுறையிலிருந்தது. எனினும், தோட்டத் தொழிலாளரிடையே இப்புழுவுக்கெதிரான பெரும் இயக்கம் 1916இலேதான், அதுவும் றொக்பெல்லர் நிறுவனத்தின் முயற்சியாலே, தொடங்கிற்று. இலைக்கும் இரத்தத்துக்கும் இடையே 36 ஆண்டுகள் சென்றன. புழு தோலைத் துளைத்துப் புகுவதை லூஸ் என்னும் அறிஞர் கெய்ரோவிற் கண்டது 1898இலேயே என்பதும் கருதத்தக்கது. ஆயினும் தாமதம் முழுவதையும் அறிவின் குறைபாடாகக் கொள்ளுதல் இயலாது.

1916ஆம் ஆண்டு இயக்கத்தின் அனுபவமே இதற்குச் சான்றாகும். தொழிலாளரின் வேலைத்திறன் உயரும் என்பதால் மருந்து கொடுப்பதைத் துரைமார் வரவேற்றனர். மருந்து புழுவை வெளியேற்றும். மண்ணைத் தூய்மை செய்யாது. மலசலகூடமின்றேல் சில மாதங்களிலே புழு மீண்டும் உடலுக்குட் புகும். எனவே மலசலகூடங்கள் கட்டப்பட வேண்டுமென நிறுவனத்தினர் வற்புறுத்தினர். அதற்கான செலவை ஏற்கத் தோட்ட நிர்வாகங்கள் பல தயங்கின. நாளடைவில் நிறுவனத்தின் கவனம் கிராமச் சுகாதாரத்தின்பாற் சென்றது. 1926இல் களுத்துறையிலே சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. மலசலகூடமின்றி மருந்து மட்டும் கொடுத்த விஞ்ஞானம், பூசாரியின் பேயோட்டலினின்றும் பயனளவிற் பெரிதும் வேறுபடவில்லை. ஓட்டப்பட்டது திரும்பி வந்தது.

வம்பயர்க் கதைகளிலே உலகம் அழிந்த பின் எஞ்சிய மனிதர் இரவிலே பேயோடு போராடுவர். கோப்பி அழிவின் பின் மலையகத்தில் எஞ்சியோர் பட்டப்பகலிலே, கணக்கப்பிள்ளையின் பதிவேட்டுக்கு முன் நின்று போராடினர். 1973–74 உணவுப் பஞ்ச காலத்திலே தோட்டங்களில் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தமையும், 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் உடைமை மாறிய பின்னரும் லயங்கள் லயங்களாகவே நீடித்தமையும், இவ்வரலாறு வெள்ளைத் துரையுடன் முடிந்துவிடவில்லை என்பதைக் காட்டுகின்றன. தோட்டப் பெண்களின் இரத்தச்சோகை இன்றும் மருத்துவ ஆய்வுக்குரிய பொருளாகவே உள்ளது. அதனை உணவுப் பழக்கத்தின் குறையாகவோ அறியாமையின் விளைவாகவோ விளக்க முற்படுவோர், நாட்கூலி, குடியிருப்பு, கொழுந்து மலையிலே மலசலகூட வசதி ஆகியவற்றையும் தம் ஆய்விற் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். மலையகத்தின் வரலாறு தேயிலை ஏக்கர்க் கணக்கால் மட்டும் எழுதப்படும்வரை, அவ்வேக்கர்களுக்குச் செலவான இரத்தம் கணக்கில் வராமலே போகும்.