அடிமைக்கு ஒரு வசனம், ஆண்டைக்கு ஒரு வசனம்

எங்க சித்தப்பா தி.க.காரர். நாங்களோ வேதக்காரக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து உபதேசியார் வெளியே வந்தால் போதும், சித்தப்பா வழிமறித்துக்கொள்வார். "உபதேசியாரே, யூதாஸ் நாண்டுக்கிட்டுச் செத்தான்னு மத்தேயு எழுதுறாரு. அப்போஸ்தலர் நடபடிகள்ல கீழ விழுந்து வயிறு வெடிச்சுச் செத்தான்னு இருக்கு. எது நெசம்?" கயிறு அறுந்து விழுந்திருப்பான் என்பார் உபதேசியார். "யோசேப்போட அப்பன் மத்தேயுவுல யாக்கோபு, லூக்காவுல ஏலி. ஒருத்தனுக்கு ரெண்டு அப்பனா?" லூக்கா சொல்வது மரியாளின் வம்சம் என்று பதில் வரும். கொள்ளைநோயில் செத்தவர்கள் எண்ணாகமத்தில் 24,000, கொரிந்தியரில் 23,000. அதற்கும் ஒரு பதில் உண்டு. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பிரிவார்கள். யாருக்கும் நட்டமில்லை.

ஒரு அறுப்புக் காலத்தில் எங்க ஆட்கள் கூலி கூடுதலாகக் கேட்டு, ஆண்டை வயலில் இறங்க மறுத்துவிட்டார்கள். அந்த ஞாயிறு உபதேசியார் எபேசியர் 6ஆம் அதிகாரத்தை எடுத்துவைத்துப் பிரசங்கம் பண்ணினார். வேலைக்காரன் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற பகுதி. எழுதப் படிக்கத் தெரியாத எங்க ஆயா எழுந்து நின்று கேட்டது: "ஏன்யா, மோசே சனங்களக் கூட்டிக்கிட்டுக் கெளம்புனாரே, அவரு எந்த எஜமானுக்குக் கீழ்ப்படிஞ்சாரு?"

உபதேசியாரிடம் பதில் இல்லை. வேதத்திலுள்ள முரண்பாடுகள் என்று பட்டியல் போடுகிறவர்கள் எல்லோரையும் விட எங்க ஆயா சரியான இடத்தில் கை வைத்தது என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

அடிமைத்தனம் பற்றி இந்தப் புத்தகத்துக்குள் இரண்டு குரல்கள் இருக்கின்றன. உபாகமம் 23, எஜமானிடமிருந்து தப்பி வந்த அடிமையைத் திருப்பி ஒப்படைக்கக் கூடாது என்கிறது. யாத்திராகமம் 21இலோ, எஜமான் அடித்த அடிமை ஓரிரு நாள் உயிரோடு கிடந்து செத்தால் எஜமானுக்குத் தண்டனை இல்லை; அவன் காசு கொடுத்து வாங்கிய சொத்து என்பது காரணம். கலாத்தியர் 3இல் கிறிஸ்துவுக்குள் அடிமை, சுதந்திரவாளி என்கிற வித்தியாசம் இல்லை என்று எழுதிய பவுல், ஒநேசிமு என்கிற அடிமையை பிலேமோனிடம் திருப்பி அனுப்புகிறார். சகோதரனாக ஏற்றுக்கொள் என்று கேட்கிறார், உண்மைதான். ஆனால் விடுதலை செய் என்று வாய்திறந்து சொல்லவில்லை. 1850இல் அமெரிக்காவில் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சட்டம் வந்தபோது, அதை ஆதரித்தவர்களுக்கு இந்தக் கடிதம்தான் கையில் கிடைத்தது.

மொழிபெயர்ப்பிலும் ஒரு விளையாட்டு இருக்கிறது. கலாத்தியர் 3இலும் எபேசியர் 6இலும் கிரேக்க மூலத்தில் வருவது ஒரே சொல்தான்: தூலோஸ், அதாவது அடிமை. நாம் கோயிலில் வாசித்து வளர்ந்த பழைய தமிழ் வேதாகமத்தில் கலாத்தியரில் அவன் 'அடிமை', எபேசியரில் 'வேலைக்காரர்'. ஆங்கிலத்தில் ஜேம்ஸ் மன்னர் பதிப்பிலும் இதே கதைதான். அடிமை வேறு, வேலைக்காரன் வேறு என்று ஆகிவிட்டால் இரண்டு வசனமும் மோதிக்கொள்ளாதே!

இந்த மோதலை ஆண்டைமார்கள் கவனிக்காமல் இல்லை. எங்க ஆயா கேட்ட கேள்வி எங்கே போய் முடியும் என்பது 1807இலேயே லண்டனில் சிலருக்குத் தெரிந்திருந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் உழன்ற கறுப்பு அடிமைகளுக்கென்றே அந்த வருஷம் ஒரு வேதாகமம் அச்சிட்டார்கள். 1,189 அதிகாரங்களில் 232ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டார்கள். யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட கதை இருக்கிறது. இஸ்ரவேலர் எகிப்தை விட்டு வெளியேறிய கதை இல்லை. சங்கீதம் இல்லை, வெளிப்படுத்தின விசேஷம் இல்லை. கலாத்தியர் 3:28 இல்லை. எபேசியர் 6:5 பத்திரமாக இருக்கிறது! பக்கத்து ஹெய்ட்டியில் அடிமைகள் 1791இல் கிளர்ந்தெழுந்து 1804இல் தனி நாடே அமைத்துவிட்டிருந்த காலம் அது. பயம் இருக்காதா?

வேதம் முழுவதும் ஒரே குரல் என்று வேதபண்டிதர் நமக்குச் சொல்கிறார். ஆண்டை அப்படி நம்பவில்லை. நம்பியிருந்தால் கத்தரிக்கோலுக்கு அங்கே என்ன வேலை?

ஹோவர்ட் தர்மன் என்கிற கறுப்பின இறையியலாளரின் பாட்டி அடிமையாகப் பிறந்தவர். பேரன்தான் அவருக்கு வேதம் வாசித்துக் காட்டுவான். பவுலின் கடிதங்களை மட்டும் வாசிக்க விடமாட்டார். அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13க்கு எப்போதாவது அனுமதி உண்டு. காரணத்தைப் பல வருஷம் கழித்துத்தான் சொன்னார். எஜமான் கூட்டிவந்த வெள்ளைப் பாதிரி எப்போதும் அடிமைகள் கீழ்ப்படிய வேண்டும் என்கிற வசனத்தையே பிரசங்கித்தானாம். விடுதலை வந்து வாசிக்கவும் கற்றுக்கொண்டால் அந்தப் பகுதியைத் தொடமாட்டேன் என்று அப்போதே சபதம் செய்துவிட்டாராம். 1935இல் தர்மன் கொழும்புக்கு வந்தபோது அங்கே ஒரு சட்டக் கல்வியாளர் அவரிடம் கேட்டார்: உங்கள் சனத்தை அடிமையாக ஏற்றிப்போனவர்கள் கிறிஸ்தவர்கள், நீங்கள் எப்படிக் கிறிஸ்தவராக இருக்கிறீர்கள்? இதற்குப் பதில் தேடித்தான் 1949இல் 'இயேசுவும் உரிமை மறுக்கப்பட்டோரும்' என்கிற பொருளில் தலைப்பிட்டு ஒரு புத்தகமே எழுதினார்.

நம்ம மண்ணில் வேதத்தை யாரும் வெட்டவில்லை. வெட்டத் தேவைப்படவில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை விட்டுவிட வேண்டும், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து திருவிருந்து எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். சிலர் பிறகு சாதியைப் பொறுத்துக்கொண்ட லீப்சிக் மிஷன் பக்கம் போனார்கள். கீர்த்தனைகளுக்குப் பேர்போன வேதநாயகம் சாஸ்திரியாரும் சாதி ஆசாரத்தின் பக்கம்தான் நின்றார். அவர்களின் வாதம் இதுதான்: சாதி உலக வழக்கம், அதற்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை. அதாவது கலாத்தியர் ஆத்துமாவுக்கு, எபேசியர் சரீரத்துக்கு. முரண்பாடு தீர்ந்தது. நமக்குக் கடைசி வரிசையும் தனிக் கல்லறையும் மிஞ்சின.

சித்தப்பாவின் கேள்விகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. வேதத்தையே கேள்வி கேட்கலாம் என்கிற தைரியம் எனக்கு அவரிடமிருந்து வந்தது. ஆனால் யூதாஸ் எப்படிச் செத்தால் நமக்கு என்ன? அதனால் யாருடைய கூலியும் குறையவில்லை. எபேசியர் 6ஆல் எங்க தெருவுக்குக் குறைந்தது. அடுத்த வாரம் பாதிப்பேர் பழைய கூலிக்கே வயலில் இறங்கிவிட்டார்கள். ஆயா இறங்கவில்லை.

இரண்டு குரலையும் ஒன்றாக்கிக் காட்டும் வேலை நம்முடையதல்ல. எந்தக் குரலை யார், எப்போது, யாருக்கு வாசித்துக் காட்டினார்கள் என்று பார்ப்பதுதான் நம் வேலை. நம்ம தெருக் கோயில்களில் ஒரு வருஷத்தில் மோசே எத்தனை தடவை வந்தார், எஜமான் எத்தனை தடவை வந்தான் என்று இளைஞர்கள் ஒரு நோட்டில் குறித்து வரட்டும். வருஷக் கடைசியில் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சபைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்கலாம்.