பந்தியில் இருப்பது மட்டும்: கற்பிட்டிக் கரையிலிருந்து ஜி.ஆர்.ஈ. வாசிப்புப் பயிற்சி

நான் முதன்முதலில் கற்றுக்கொண்ட ஆங்கிலச் சொற்களில் ஒன்று ‘டிஸ்பிளேஸ்ட்’. பாடசாலையில் அல்ல, எங்கள் கொட்டிலில் கற்றது. 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, படகில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியவர்கள் என் உம்மாவும் வாப்பாவும். அதன் பின் முகாமில் பிறந்தவள் நான். நிவாரண அட்டையிலும் வருபவர்கள் நீட்டும் படிவங்களிலும் அந்தச் சொல் இருந்தது. முழு முகாமுக்கும் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர் ஒரு முதியவர்தான். அவர் “இதில் கையெழுத்து வைக்கலாம்” என்றால் எல்லோரும் வைப்பார்கள்.

பட்டம் முடித்து, கரையோரச் சூழலியலில் முதுமாணிப் படிப்புக்கு வெளிநாடு விண்ணப்பிக்கலாம் என்று எண்ணியபோதுதான் ஜி.ஆர்.ஈ. பரீட்சைக்கு ஆயத்தமானேன். பயிற்சிப் பந்தி ஒன்றில் அதே சொல் வந்தது. ஒரு கோட்பாடு இன்னொன்றை ‘டிஸ்பிளேஸ்’ செய்தது என்றிருந்தது. பழையதை அகற்றிவிட்டு அதன் இடத்தைப் புதியது பிடித்துக்கொண்டது என்பது அங்கே பொருள். நானோ யாரோ ஊரைவிட்டுத் துரத்தப்பட்டதாக எண்ணிக்கொண்டு நான்கு வரி தாண்டிவிட்டேன். ‘அரெஸ்ற்’ என்ற சொல்லும் அப்படித்தான். ஒரு வீழ்ச்சியை அரெஸ்ற் செய்வது என்றால் அதைத் தடுத்து நிறுத்துவது. எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. ‘குவாலிஃபை’ என்றால் தகுதி பெறுவது என்று மட்டும் தெரிந்தவர்கள், ஓர் ஆசிரியர் தன் கூற்றை குவாலிஃபை செய்கிறார் என்று வந்தால் வழுக்கி விழுவார்கள். கூற்றின் எல்லையைச் சுருக்கி, ‘இந்த அளவுக்கு மட்டும்’ என்று சொல்வது அது. அகராதியை மனனம் செய்வதைவிட, தெரிந்த சொற்களின் தெரியாத பொருள்களைக் குறித்துவைப்பது எனக்கு அதிகம் உதவியது.

பரீட்சையின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜி.ஆர்.ஈ. பொதுப் பரீட்சையை நடத்துவது அமெரிக்காவின் ஈ.ரி.எஸ். நிறுவனம். 2023 செப்டெம்பரில் அது குறுக்கப்பட்டு, இப்போது ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் முடிகிறது. மொழிப் பகுதியில் இரண்டு பிரிவுகள். முதலாவதில் 18 நிமிடத்தில் 12 வினாக்கள், இரண்டாவதில் 23 நிமிடத்தில் 15 வினாக்கள். முதற்பிரிவை எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்தே இரண்டாவதன் கடினம் அமையும். புள்ளி 130 முதல் 170 வரை. ஏறத்தாழ அரைவாசி வினாக்கள் வாசிப்பு விளக்கம், மிச்சம் இடைவெளி நிரப்புதல். பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை, ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள். பெறுபேறு ஐந்து ஆண்டுகள் செல்லும். கட்டணம் 220 அமெரிக்க டொலர் அளவில். எங்கள் கரையில் அது பெரிய காசு. இப்போது பல துறைகள் இந்தப் பரீட்சையைக் கேட்பதே இல்லை. ஆகவே பணம் கட்டுமுன் நீங்கள் விண்ணப்பிக்கும் துறையின் இணையப் பக்கத்தைப் பாருங்கள். ஐ.ஈ.எல்.ரி.எஸ். இதிலிருந்து வேறுபட்டது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

வாசிப்புப் பந்திகளில் பெரும்பாலானவை ஒரே பத்தி. ஒன்றிரண்டுதான் நீளமாக வரும். பௌதிகம், உயிரியல், சமூகவியல், வணிகம், கலை என்று எதுவும் வரலாம். வினாக்கள் மூன்று வகை. ஐந்து தெரிவுகளில் ஒன்றைத் தெரிவது முதல் வகை. மூன்று தெரிவுகளில் பொருந்துவன எல்லாவற்றையும் தெரிவது இரண்டாவது. இதில் ஒன்றை விட்டாலும் புள்ளி இல்லை. பந்தியிலுள்ள ஒரு வசனத்தையே சுட்டிக்காட்டுவது மூன்றாவது. எந்த வினாவுக்கும் வெளி அறிவு தேவையில்லை, விடை பந்திக்குள்ளேயே இருக்கும். கேட்க ஆறுதலாக இருக்கும் இந்த விதியில்தான் எங்கள் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள்.

மாமியின் மகனுக்கு நானே ஒரு பந்தி எழுதிக் கொடுத்தேன். அவன் ஆலங்குடாவில் வெங்காயத் தோட்டம் செய்யும் வீட்டுப் பிள்ளை. பந்தியின் சாரம் இது: கற்பிட்டிக் கிணறுகளின் நீர் கெடுவதற்கு அளவுக்கு மீறி இறைப்பதே காரணம் என்று சொல்லப்பட்டு வந்தது. இறைப்பு கூடினால் உவர் நீர் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் உவர்ப்பு ஏறாத சில கிணறுகளிலும் நைத்திரேற்று அதிகமாக இருப்பதை இறைப்பை மட்டும் வைத்து விளக்க முடியாது. மணல் நிலத்தில் இடும் பசளையின் ஒரு பகுதி நீரோடு கீழிறங்குவதும் காரணமாக இருக்கலாம்.

பந்தியின் நோக்கம் என்ன என்று கேட்டு மூன்று தெரிவுகள் வைத்தேன். அ: அதிக இறைப்பால் நீர் கெடுவதில்லை என நிறுவுதல். ஆ: வழக்கிலுள்ள விளக்கம் போதாது எனக் காட்டுதல். இ: தோட்டங்களில் பசளைப் பாவனையைக் கட்டுப்படுத்த வேண்டும் என வலியுறுத்தல்.

அவன் யோசிக்காமல் ‘இ’ என்றான். “அது சரிதானே ராத்தா? எங்கட கிணத்துத் தண்ணியக் குடிச்சுப் பாருங்க.”

தண்ணீரைப் பற்றி அவன் சொன்னது சரி. பந்தி அதைச் சொல்லவில்லை. ‘இருக்கலாம்’ என்று ஒரு காரணத்தை முன்வைத்ததோடு அது நின்றுவிட்டது, யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை. ‘அ’வும் பிழை, ஏனென்றால் இறைப்பின் பங்கைப் பந்தியே ஒப்புக்கொள்கிறது. விடை ‘ஆ’. அடுத்த வினா, பசளை பற்றிய கருத்தைப் பலவீனப்படுத்தும் தகவல் எது என்பது. நைத்திரேற்றுக் கூடிய கிணறுகளுக்குப் பக்கத்தில் மலசலகூடக் குழிகள் இருந்தன என்பதே அதற்கு விடை. நைத்திரேற்று வேறு வழியாலும் வரலாம் என்றாகும்போது பசளை என்ற விளக்கம் தளர்கிறது. முகாமில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

நானும் இதே குழியில் விழுந்தவள்தான். ஒரு பயிற்சிப் புத்தகத்தில், இடம்பெயர்ந்தோர் மீளத் திரும்புவதைப் பற்றி ஒரு பந்தி வந்தது. திரும்பியோர் தொகை என்று காட்டப்படுவது பதிவுகளின் எண்ணிக்கைதான், உண்மையில் அங்கு வசிப்போரின் எண்ணிக்கை அல்ல என்பது ஆசிரியரின் வாதம். நான் தெரிந்த விடை, காணியும் வீடும் பாடசாலையும் இல்லாததால் மக்கள் திரும்பவில்லை என்பது. பிழை என்றது விடைத்தாள். கோபத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். 2009க்குப் பிறகு வாப்பா மன்னாரில் பதிந்துவிட்டு, காடு மண்டிய வளவைப் பார்த்துத் திரும்பிவந்ததை நான் பார்த்திருக்கிறேன். இதை எனக்கு ஒரு புத்தகம் சொல்லித்தர வேண்டுமா?

மறுநாள் திரும்ப வாசித்தேன். நான் அறிந்த எதையும் அந்தப் பந்தி மறுத்திருக்கவில்லை. எண்ணும் முறையைப் பற்றி மட்டுமே பேசியது. அந்தச் சிறிய விடயத்தின் மேல் எனக்குத் தெரிந்த பெரியதை நான்தான் ஏற்றி வைத்திருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பந்தியையும் முடித்ததும், ‘இவர் என்ன சொன்னார், என்ன சொல்லவில்லை’ என்று தாளில் இரண்டு வரி தமிழில் எழுதுவேன். வசனம் வசனமாக மொழிபெயர்ப்பதற்கு நேரம் போதாது, ஆனால் பந்தி முழுவதையும் இரண்டு வரியில் தமிழில் பிடிக்கலாம்.

தமிழில் யோசிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் வசன அமைப்பு. தமிழில் ‘என்றாலும்’ என்பது ஒரு கூற்றை முழுக்கக் கேட்டபின் வருகிறது. ஆங்கிலத்தில் ‘ஓல்தோ’ முதலிலேயே நிற்கிறது. அதைக் கண்டவுடன், இனி வரும் முதல் துண்டு ஆசிரியர் விட்டுக்கொடுப்பது, அவருடைய சொந்தக் கருத்து காற்புள்ளிக்கு அப்பால் என்று பிடித்துக்கொள்ள வேண்டும். ‘ஹவ்எவர்’, ‘யெற்’ வந்தால் பந்தி திரும்புகிறது. ‘மே’, ‘ஸீம்ஸ்’, ‘பார்ட்லி’ ஆகியவை ஆசிரியர் காலை மெதுவாக வைக்கிறார் என்பதன் அடையாளம். அவர் அப்படி நடந்திருக்க, ஒரு தெரிவு ‘ஓல்வேஸ்’, ‘ஒன்லி’, ‘நெவர்’ என்று அடித்துப் பேசினால் அதைச் சந்தேகியுங்கள்.

எதை வாசிப்பது? ஈ.ரி.எஸ். தன் இணையத்தளத்தில் இரண்டு முழுப் பயிற்சிப் பரீட்சைகளை இலவசமாகத் தருகிறது. ‘பவர்பிரெப்’ என்று தேடுங்கள். தொடக்கத்திலேயே அவற்றைச் செய்து தீர்த்துவிடாமல், ஒன்றையாவது கடைசி இரு வாரங்களுக்கு வைத்திருங்கள். அதுவரை வாசிப்பதற்கு எங்கள் கரையே நிறையத் தருகிறது. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் ‘சிலோன் கசற்றியர்’ என்ற நூலையும் 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறான ‘தமிழ் புளூட்டாக்’ என்ற நூலையும் ஆங்கிலத்தில் எழுதினார். இலங்கை சிவில் சேவையிலும் பணியாற்றியவர் அவர். பழைய கால நீண்ட வசனங்கள், எழுவாய் ஓரிடம், பயனிலை வேறிடம். பரீட்சைப் பந்திகளை இழுத்துப் பிடிக்க நல்ல பழக்கம். கசற்றியர் ஊர்ப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கியது, ஆகவே உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம்.

அடுத்தது, 2011இல் வெளிவந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைப் பற்றியும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. தமிழராயினும் முஸ்லிமாயினும் எங்களைப் பற்றி எழுதியதை நாங்களே ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஒரு பத்தியை எடுங்கள். எது சாட்சியம், எது ஆணைக்குழுவின் முடிவு, எது வெறும் விதந்துரை என்று பிரியுங்கள். பரீட்சை கேட்பதும் இந்தப் பிரிப்பைத்தான். சில பத்திகளை என்னால் ஒரே அமர்வில் வாசிக்க முடியவில்லை. அப்படியானால் எழும்பி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள், அதில் வெட்கம் இல்லை.

நாளுக்கு மூன்று பந்தி, கடிகாரம் வைத்து. ஒரு வினாவுக்குச் சராசரி ஒன்றரை நிமிடம். பிழைத்தவற்றுக்கு எந்தச் சொல்லில் ஏமாந்தேன் என்று குறிப்பு. மூன்று மாதம் நான் செய்தது இவ்வளவுதான். கைப்பேசியில் வாசித்துப் பழகியவர்கள் கடைசி வாரங்களிலாவது கணினித் திரையில் வாசியுங்கள்.

பரீட்சையன்று நீண்ட பந்தி ஒன்றை முதல் தடவையில் தாண்டிவிட்டேன். ஒரு பிரிவுக்குள் முன்னும் பின்னும் போகலாம், வினாவைக் குறித்துவைத்துத் திரும்பலாம். சிறிய பந்திகளை முடித்து வந்தபோது அதற்கு ஐந்து நிமிடம் மிஞ்சியிருந்தது.

வீட்டிலிருந்தும் இந்தப் பரீட்சையை எழுதலாம். ஆனால் தனி அறை வேண்டும், யாரும் உள்ளே வரக்கூடாது, இணையம் அறுபடக்கூடாது. எங்கள் வீட்டில் இந்த மூன்றும் ஒரே நாளில் அமைவது கடினம். நான் கொழும்புக்கு பஸ் ஏறினேன். பதியும்போது கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்துப் பெயரைக் கொடுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி என்று பெயர் உள்ளவர்கள் எங்களுள் பலர். ஊரைவிட்டு வரும்போது பத்திரங்கள் தொலைந்து, பிறகு கேட்டு எழுதிய பெயர்கள் அவை. அதைத் திருத்த மாதங்கள் ஆகலாம். புத்தகத்தைத் திறக்குமுன் அதைத் தொடங்குங்கள்.