மூல ஓலை எங்கே இருக்கிறது?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே விஷயத்துக்குத்தான். "சார், என் சேர்க்கைப் பதிவேட்டுப் பக்கத்துக்கு நகல் வேணும். கேட்டா தர மாட்டேங்கறாங்க." ஒருவருக்குப் பிறந்த தேதி, இன்னொருவருக்கு அப்பாவின் சாதிப் பெயர், வேறொருவருக்கு தொலைந்துபோன மாற்றுச் சான்றிதழ். தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதில், பள்ளிக்கூடத்து ஏடுகளைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு எப்படி வந்தது என்ற கதையையே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

திருநாவலூர்க்காரர்களுக்கு இது புதிய கதை அல்ல. சுந்தரர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தூரில் கல்யாணம் நடக்கும் நேரத்தில் கிழவர் ஒருவர் வந்து, "இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இது" என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழித்தது படி ஓலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. அங்கே சபையார் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். கிழவரின் பேச்சையும் நம்பவில்லை, மாப்பிள்ளையின் கோபத்தையும் பார்க்கவில்லை. காப்பில் இருந்த வேறோர் ஓலையை வரவழைத்து, பாட்டனார் கையெழுத்தோடு ஒப்பு நோக்கிய பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். வகுப்பில் சொல்லும்போது பக்தியோடு சேர்த்து இதையும் சொல்வேன். நகல் வேறு, மூலம் வேறு, இரண்டையும் பத்திரப்படுத்த ஓர் இடம் வேண்டும் என்று பெரியபுராணக் காலத்திலேயே நம் பக்கத்து ஜனங்களுக்குத் தெரிந்திருக்கிறது. (இன்று திருநாவலூர் கள்ளக்குறிச்சி மாவட்டம், திருவெண்ணெய்நல்லூர் விழுப்புரம் மாவட்டம். சுந்தரர் இப்போது மனுப் போட்டால் இரண்டு மாவட்டம் அலைய வேண்டியிருக்கும்.)

பள்ளிக்கூடக் கணக்குக்கு வருவோம். 1822-இல் சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, ஒவ்வொரு கலெக்டரும் தம் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், எந்தெந்தச் சாதி என்று அட்டவணை போட்டு அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டார். நம் தென்னார்க்காட்டிலிருந்தும் போனது. 1826-இல் கூட்டிப் பார்த்தபோது மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். நம் பிள்ளைகளைப் பற்றிய கணக்குதான். ஆனால் கலெக்டருக்கும் கவர்னருக்கும் நடுவில் போய்வந்த காகிதம் அது. பிறகு ஆவணக் காப்பகத்தில் தூங்கியது. தரம்பால் என்ற ஆராய்ச்சியாளர் உட்கார்ந்து பிரதி எடுத்து, 1983-இல் புத்தகமாகப் போட்ட பிறகுதான் பொதுஜனம் பரவலாகப் பார்த்தது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல்!

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்திலும் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. 1872-ஆம் வருட சாட்சியச் சட்டத்தின்படி, பொது ஆவணத்தைப் பார்வையிட உரிமை உள்ளவருக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு சான்றிட்ட நகல் தர வேண்டும். "உரிமை உள்ளவர்" யார்? அதை முடிவு செய்வது அதே அலுவலகம்தான். 1923-இல் அலுவல் ரகசியச் சட்டமும் வந்தது. அதன் பிறகு எழுத்தருக்கு அலமாரிச் சாவியே செங்கோல் ஆகிவிட்டது.

இந்தப் பழக்கம் உலகத்துக்கே பொதுவானது அல்ல. ஸ்வீடன் தேசத்தில் 1766-லேயே அரசாங்கக் காகிதத்தை மக்கள் பார்க்கலாம் என்று சட்டம் போட்டார்கள். தாய்லாந்தில் 1997-இல்தான் சட்டம் வந்தது, அதை முதலில் உலுக்கிப் பார்த்தவர் ஒரு தாய். பெண்ணுக்கு முதல் வகுப்பில் இடம் கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெயர்பெற்ற பள்ளி அது. மதிப்பெண்ணைக் காட்டு என்று 1998-இல் கேட்டார். நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். மதிப்பெண் குறைந்த செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைகள் உள்ளே போனது வெளியே வந்தது. ஆறு வயதுப் பிள்ளையின் நுழைவுத் தேர்வு ஒரு நாட்டையே பேச வைத்தது.

நம் நாட்டில், ராஜஸ்தானில் கூலி வேலை செய்த ஜனங்கள் தங்கள் வருகைப் பட்டியலைக் காட்டு என்று கேட்டதிலிருந்து இந்த இயக்கம் வளர்ந்தது. 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். 1997-இல் இந்தியாவிலேயே முதல் மாநிலமாகத் தகவல் உரிமைச் சட்டம் போட்டது நம் தமிழ்நாடு. பெருமைதான், ஆனால் அந்தச் சட்டத்தில் விதிவிலக்குகள் ஏராளம். நிஜமான பலம் 2005 அக்டோபர் 12-இல் மத்தியச் சட்டம் முழுமையாக அமலுக்கு வந்தபோதுதான் வந்தது. 30 நாளில் பதில். ஏன் கேட்கிறாய் என்று கேட்கக் கூடாது. காரணமின்றித் தாமதித்தால் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், மொத்தம் 25,000 வரை தண்டம். 2011-இல் உச்ச நீதிமன்றம் தேர்வெழுதிய மாணவர் தன் விடைத்தாளையே பார்க்கலாம் என்றது. அன்று ஆசிரியர் ஓய்வறையில் முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்குச் சந்தோஷம். திருத்தியவனுக்குத் தன் திருத்தலில் நம்பிக்கை இருந்தால் என்ன பயம்?

ஒரு பழைய ஏட்டுப் பக்கத்தின் மதிப்பு கல்வராயன் மலையில் பணிபுரிந்தபோதுதான் எனக்கு விளங்கியது. பிள்ளையைச் சேர்க்க வரும் தாய், "ஆடிப் பதினெட்டுக்கு முந்தின வாரம் பொறந்தான்" என்பார். வருடம் தெரியாது. தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, எட்டினால் ஐந்து வயது. தேதி ஜூன் மாதத்தில் ஏதோ ஒன்று. அன்று மை தொட்டு எழுதிய அந்த வரிதான் இன்று ஆதாரிலும் ஓய்வூதியத்திலும் நிற்கிறது.

மலையில் என்னிடம் படித்த பெண் ஒருவர். மகனுக்கு மலையாளி பழங்குடிச் சான்றிதழ் வாங்கப் போனார். கல்லூரிச் சேர்க்கைக்கு நாள் நெருங்குகிறது. தாத்தாவின் பள்ளி ஆதாரம் கொண்டு வா என்றார்கள். பள்ளியில் கேட்டால், பழைய ஏடெல்லாம் மாவட்டம் பிரிந்தபோது போய்விட்டது என்ற பதில். போன மாவட்டம் எது? தென்னார்க்காடு 1993-இல் பிரிந்து விழுப்புரம், 2019-இல் அதுவும் பிரிந்து கள்ளக்குறிச்சி. ஏடு எந்த மூட்டையில் போனதோ! நான் எழுதிக் கொடுத்த மனுவில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். 26-ஆம் நாள் சான்றிட்ட நகல் வந்தது. ஏடு எங்கும் போகவில்லை, அதே பள்ளி பீரோவில் இருந்திருக்கிறது. அந்தப் பையன் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறான்.

ஆகவே கேட்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். "ஏன் தரவில்லை" என்று எழுதாதீர்கள். காரணம் கேட்டால் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை, இருக்கும் ஏட்டைத்தான் தருவார்கள். "இன்ன ஆண்டு, இன்ன பள்ளி, இன்ன பெயருக்கான சேர்க்கைப் பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகல்" என்று எழுதுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் கவலை இல்லை, 5 நாளில் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாள் தாண்டினால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் சரியாகாவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். "காணவில்லை" என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். ஏடு தொலைந்தது என்பது சட்டம் சொல்லும் விலக்கு அல்ல, தேடிப் பார்க்க வேண்டும், பொறுப்பு நிர்ணயிக்க வேண்டும் என்று 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அடுத்தவர் வீட்டுப் பிள்ளையின் பக்கத்தைக் கேட்காதீர்கள், அது தனிப்பட்ட விவரம், தர மாட்டார்கள். தரவும் கூடாது.

மனு எழுதத் தெரியாதவர்கள் காலை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். படித்த ஆண்டையும் தலைமையாசிரியர் பெயரையும் பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு வந்தால் வேலை சுலபம். வில்லையும் உறையும் நீங்களே வாங்கி வந்துவிடுங்கள், காபி என் பொறுப்பு.