நையாண்டி மேளம்

நையாண்டி மேளம் என்பது தமிழகத்தின் தென் மாவட்டங்களில் வழங்கும் நாட்டுப்புற இசை. 'நையாண்டி' என்ற சொல்லுக்குக் கேலி என்று பொருள். இராமநாதபுரம் வட்டாரச் சிற்றூர்களில் அம்மன் கோயில் திருவிழாக்களின்போது கரகாட்டம், பொய்க்கால் குதிரை போன்ற ஆட்டங்களுக்கு இம்மேளம் வாசிக்கப்படுகிறது.

இராமேசுவரம் போன்ற பெருங்கோயில்களில் வழிபாட்டுக்கு ஒலிக்கும் நாகசுவரமும் தவிலுமே இதற்கும் முதன்மைக் கருவிகள். இவற்றுடன் பம்பை, தமுக்கு, தாளம் ஆகியவை சேரும். கோயிலுக்குள் வழிபாட்டு முறையே வாசிப்பை வழிநடத்தும். ஊர்ப் பொட்டலில் ஆடுபவரின் காலும் கூட்டத்தின் ஆரவாரமும் வழிநடத்தும்.

விடிய விடிய நடக்கும் ஆட்டத்தில் கரகம் ஆடுபவர் இளைப்பாற வேண்டும். அந்த இடைவெளியைக் கோமாளியும் குறவன் குறத்தி வேடமிட்டவர்களும் வேடிக்கைப் பேச்சால் நிரப்புவர். மேளக்காரர் கேள்வி கேட்டு வம்பிழுப்பார். பதில் வந்ததும் தவிலில் ஓர் உருட்டு விழும். சிரிப்பு அடங்கிய பிறகே அடுத்த பேச்சு தொடங்கும். எங்கே அடிப்பது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் நகைச்சுவை நிற்கிறது.

1989இல் வெளிவந்த 'கரகாட்டக்காரன்' திரைப்படத்தில் கவுண்டமணியும் செந்திலும் இத்தகைய குழுவின் கலைஞர்களாகத் தோன்றினர். படம் பெருவெற்றி பெற்றது. ஆனால், ஊர் மேடைகளில் திரைப்பாடல் நிகழ்ச்சிகள் பெருகியதால் இக்கலைஞர்களின் வாய்ப்புகள் குறைந்தன. கூட்டத்தைத் தக்கவைக்க இரட்டைப் பொருள் பேச்சு மிகுந்தபோது, கலைக்கே அவப்பெயர் வந்தது. கொச்சையின்றிச் சிரிக்க வைக்கும் மேளத் திறனே இக்கலையின் உண்மையான வலிமை.