குலமும் குளம்பும்

ஆவடியிலுள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965ஆம் ஆண்டில் ‘விஜயந்தா’ என்னும் டாங்கி முதன்முதலாக வெளிவந்தது. அத்தகைய டாங்கிகளைச் செலுத்தும் நம் படைப்பிரிவுகள் சிலவற்றின் பெயர்களைக் கேட்டால் மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும். பூனா ஹார்ஸ் என்பது ஒன்று; டெக்கான் ஹார்ஸ் என்பது மற்றொன்று. குதிரை போய் இரும்பு வந்த பின்னரும் பெயர் மட்டும் போகவில்லை. இவ்வகைப் பிரிவுகளுள் மிகப் பழையதாகிய 16ஆவது லைட் காவல்ரி, 1776இல் ஆர்க்காட்டு நவாபின் பணியில் தோன்றிய குதிரைப்படையாகும். சென்னையிலிருந்து பூவிருந்தவல்லி வழியாக மேற்கு நோக்கிச் செல்லும் பழைய சாலை அந்த ஆர்க்காட்டுக்குத்தான் செல்கிறது.

அந்நாளில் அச்சாலையில் சென்ற படைக் குதிரைகளுள் சிறந்தவை பெரும்பாலும் பிற நாட்டில் பிறந்தவை, அல்லது பிற நாட்டுக் குதிரையின் வழிவந்தவை. ஈராயிரம் ஆண்டுகளாகவே நம் நாட்டு நிலை இதுதான். காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் கடல்வழியே வந்திறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. பாண்டியனின் அமைச்சராக இருந்த மாணிக்கவாசகர், குதிரை வாங்குவதற்காக அரசன் தந்த பொருளைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்ட வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். நரிகள் பரிகளாகி வந்து, அன்றிரவே மீண்டும் நரிகளாயின என்பது அக்கதை. நான் வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நகைப்பார்கள். ஆனால் காலையில் வாங்கிய குதிரை மாலையில் இல்லாமற் போவது பாண்டியர் கருவூலத்துக்குப் பழகிப்போன நட்டமே என்பதற்கு அயல்நாட்டார் சாட்சி இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கியதாகவும், அவனுடைய உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்கியதாகவும் எழுதினார். ஓர்மஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து அவை வந்தன. ஆண்டு முடிவில் அவற்றுள் 100கூட எஞ்சவில்லையாம். குதிரை மருத்துவம் அறிந்தவரை வணிகர்கள் உடன் அழைத்து வருவதில்லை, வர விடுவதுமில்லை. குதிரை மாண்டால்தானே மறு ஆண்டும் விற்பனை! பாரசீக வரலாற்று ஆசிரியர் வாசாப் என்பாரும் இவ்வணிகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆண்டுக்கு 10,000 குதிரைகள் இந்தியக் கரைக்கு வந்தன என்றும், குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார் விலை என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டது என்றும் அவர் கூறுகிறார். எண்ணிக்கையில் இருவரும் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். என்றாலும் பொதுச் செய்தி ஒன்றுபோலவே இருக்கிறது.

மார்க்கோ போலோவின் குறிப்பில் என் கருத்தைப் பெரிதும் ஈர்த்தது வேறொரு செய்தி. இந்நாட்டில் உயர்ந்த ஆண் குதிரையையும் உயர்ந்த பெண் குதிரையையும் சேர்த்தாலும், பிறக்கும் குட்டி கால் கோணிய, சவாரிக்கு உதவாத குட்டியாகவே இருந்தது என்கிறார் அவர். குலம் நல்லது, கால் மட்டும் கெட்டது. ஏன்?

விடை காண்பதற்குக் குதிரையின் காலை நாம் சற்று உற்றுநோக்க வேண்டும். குதிரை நிற்பது ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலின் நுனியில். அவ்விரலின் நகமே குளம்பு. ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள உடலில் பாதிக்கு மேற்பட்ட பாரத்தை முன்னங்கால்களே தாங்குகின்றன. பாய்ந்தோடும்போது ஒரு கணம் ஒற்றை முன்னங்கால் உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கு மேலும் தாங்க நேரிடும். முழங்காலுக்குக் கீழே தசையென்று சொல்லத்தக்கது இல்லை. எலும்பும் நரம்புக் கயிறு போன்ற தசைநாண்களும்தாம். குளம்புக்கு மேலுள்ள கணு தக்க சாய்வோடு இருந்தால் அது வில்போல் அதிர்ச்சியை ஏற்கும். நேராக நிமிர்ந்திருந்தால் அதிர்ச்சி எலும்பில் இடிக்கும்; மிகவும் சாய்ந்திருந்தால் தசைநாண் வருந்தும். ஆகவே குதிரை பார்க்கத் தெரிந்தவர்கள் தரையிலிருந்து மேலே பார்ப்பார்கள். முகத்தைக் கடைசியில் பார்த்தால் போதும்.

இனி, பாண்டியர் இலாயத்தில் இட்ட உணவைப் பாருங்கள். வேகவைத்த சோறும் இறைச்சியும் கொடுத்தார்கள் என்கிறார் மார்க்கோ போலோ. புல்லுண்ணும் விலங்குக்கு இறைச்சி! தீட்டிய அரிசி 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து 10 மில்லிகிராம் அளவே உண்டு. தவிட்டிலோ பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு மிகக் குறைவு. இவற்றையே தின்னும் குதிரையின் உடல், தனக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. எலும்பு மெலிகிறது, முகம் வீங்குகிறது, குதிரை நொண்டுகிறது. கருவுற்ற தாய்க்கும் வளரும் குட்டிக்கும் இவ்வுணவே கிடைத்தால் குட்டியின் கால் கோணுவதில் வியப்பில்லை. நம் உழவர் மானாவாரி நிலத்தில் விளைவித்த கொள்ளில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 280 மில்லிகிராம் சுண்ணாம்பு இருக்கிறது. ஆங்கிலேயர் அதற்குக் குதிரைப் பயறு என்றே பெயரிட்டனர். அரண்மனைச் சோற்றைவிட ஏழையின் கொள்ளு குதிரைக்கு ஏற்றது!

எல்லாப் பழியையும் சோற்றின்மேல் போடுவதும் முறையன்று. வறண்ட அரபு மணலில் இறுகிய குளம்பு, நம் ஈர மண்ணில் ஊறி அழுகும். இலாடம் அடித்துக் குளம்பைச் சீவும் கைகள் இல்லாவிட்டால் நோய் முற்றும். ஈக்கள் பரப்பும் சர்ரா என்னும் நோயும் உண்டு. அதன் நுண்ணுயிரைக் கிரிபித் எவான்ஸ் 1880இல் பஞ்சாபில் கண்டுபிடிக்கும்வரை, குதிரை ஏன் இளைத்துச் சாகிறது என்று எவருக்கும் தெரியாது.

குதிரையைத் தேர்ந்தெடுக்கும் முறையிலும் ஒரு குறை இருந்தது. நம்மவர் சுழி பார்த்தார்கள். நெற்றிச்சுழி நல்லதா, உரிமையாளனுக்கு ஆகுமா என்பதே முதற் கேள்வி. அசுவ சாத்திர நூல்கள் குளம்பையும் நடையையும் பேசாமலில்லை. ஆனால் சந்தையில் சுழியே விலையை ஏற்றியது, இறக்கியது. மயிரின் சுழற்சிக்கும் எலும்பின் உறுதிக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியாரும் இத்தொல்லையில் உழன்றவர்களே. கால்நடை மருத்துவம் முறையாகப் பயின்ற முதல் ஆங்கிலேயராகிய வில்லியம் மூர்கிராப்ட் 1808இல் பீகாரிலுள்ள பூசா குதிரைப் பண்ணையின் பொறுப்பேற்றார். தீவனத்துக்காக ஓட்ஸ் பயிரிடச் செய்தார். எலும்பு வலிய பொலிகுதிரைகளைத் தேடிப் புகாரா வரை சென்று, திரும்பும் வழியில் 1825இல் உயிர்நீத்தார். பின்னர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலேறி வந்த ‘வேலர்’ குதிரைகளே சென்னைப் படைக்கும் கைகொடுத்தன. வேலர் என்பது தூய குலம் அன்று; பல இனங்களின் கலப்பு. பரந்த மேய்ச்சல் நிலத்தில் நாள் முழுதும் உழைத்துத் தாங்கியதே அங்கு அடுத்த தலைமுறைக்குத் தாயாகவும் தந்தையாகவும் ஆயிற்று. பரம்பரைப் பட்டயம் இல்லாத அந்தக் குதிரை, பட்டயம் பெற்ற பலவற்றைவிட நீண்ட நாள் நொண்டாமல் நடந்தது. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய வேப்பேரியில் 1903இல் கால்நடை மருத்துவப் பள்ளி தோன்றியது. அது தொடங்கிய கட்டடத்தின் பெயர் டாபின் ஹால். ஆங்கிலத்தில் டாபின் என்பது உழவுக் குதிரைக்குச் செல்லப்பெயர், பொருத்தமான பெயர்தான்!

சுழி பார்க்கும் பழக்கம் நமக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டா. அமெரிக்க நாட்டில் குவார்ட்டர் என்றோர் இனம் உண்டு. கால் மைல் தூரத்தை மிக விரைந்து ஓடுவதால் வந்த பெயர் அது. மாடு மடக்கும் கடும் உழைப்புக்கு உரிய இக்குதிரையைக் காட்சி வளையத்தில் வெறுமனே நிறுத்தி, உடற்கட்டுக்கு மட்டும் பரிசளிக்கும் வழக்கம் அங்கே வளர்ந்தது. நடுவர்கள் திரண்ட தசையை விரும்பினர். தசை பெருத்தது, குளம்போ சிறுத்தது. பேருடல் சிறு குளம்பின்மேல் நின்றால் குளம்பினுள் இருக்கும் சிறிய எலும்பு நைந்து, குதிரை நடுவயதிலேயே நொண்டும்.

1969இல் பிறந்த இம்பிரெசிவ் என்னும் பொலிகுதிரை இவ்வளையத்தில் புகழ்பெற்றது. அதற்கு 2,000க்கு மேற்பட்ட குட்டிகள் பிறந்தன. அவ்வழியில் வந்த குதிரைகள் சில திடீரென உடல் நடுங்கி, கால் தளர்ந்து விழுந்தன, சில மாண்டன. தசை உயிரணுவின் உப்பு வாயிலில் உள்ள மரபுக் குறையே காரணம் என்று 1992இல் தெளிவாயிற்று. நடுவர்கள் பரிசளித்த அத்தசைத் திரட்சிக்கும் அந்நோய்க்கும் உறவிருந்தது. மயிர்க்கால் ஒன்றைக் கொண்டே அக்குறையை இன்று கண்டறியலாம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்ற குட்டிகள் 2007 முதல் அவ்வினத்தின் பதிவேட்டில் சேர்க்கப்படுவதில்லை. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவற்றுக்கு அத்தடை இல்லை.