இந்திய மிஷனெரி சங்கம், திருநெல்வேலி

அயல்நாட்டுப் பணத்தை நம்பாமல், உள்ளூர்ச் சபையாரின் காணிக்கையைக் கொண்டே அருட்பணி செய்ய 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் தொடங்கப்பட்ட ஆங்கிலிக்கன் அமைப்பு. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா (1874–1945) இதன் முதன்மை நிறுவனர். ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையவையாக இருக்க வேண்டும் என்பதே கொள்கை. அப்போது நிஜாம் ஆட்சிக்குட்பட்டிருந்த தோர்ணக்கல் வட்டாரம் முதல் பணிக்களம்.

உலை வைக்கும்போது ஒதுக்கும் பிடியரிசி, அறுவடையின் முதற்பலன் போன்ற காணிக்கைகள் கூலியாளுக்கும் பனையேறிக்கும் கொடையாளர் என்ற மதிப்பைத் தந்தன. கொடுத்தல் செல்வரின் தயவன்று; உழைத்து உண்ணும் ஒவ்வொரு விசுவாசியின் கடமையும் உரிமையும் ஆகும் என்று அசரியா போதித்தார். 1912இல் தோர்ணக்கல்லின் பேராயராகி, முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் என்ற சிறப்பைப் பெற்ற அவர், கிறிஸ்தவக் கொடை பற்றித் தனி நூலும் எழுதினார்.